கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைச்சல்?

இது கணினி பற்றிய கட்டுரை. அதிலும், ஒரு நிரல் மொழியோடு சேர்ந்தே வரும் பொது நூலகத்தில், கோப்புறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்க்கும் ஒரு சிறு செயற்கூற்றைப் பற்றியது. இதைப் படிக்கக் கணினித்துறை மாணவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வரவு செலவுக் கணக்கைப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

ஒரு நிரல் மெதுவாக ஓடினால் நம் மாணவர்களிடையே உடனே எழும் ஆலோசனைகள் இரண்டு. "வேறு மொழியில் எழுது" என்பது ஒன்று. "நல்ல கணினியாக வாங்கு" என்பது மற்றொன்று. இரண்டுமே சில வேளைகளில் சரியாக இருக்கலாம். ஆனால், பல வேளைகளில் தாமதத்திற்குக் காரணம் மொழியுமன்று, இயந்திரமுமன்று. ஒருமுறை கையில் வந்த தகவலைக் கீழே போட்டுவிட்டு, அதே தகவலைக் கேட்டு மீண்டும் மீண்டும் அலைவதுதான் காரணம். அந்த அலைச்சலை நிறுத்த வேண்டிய இடம் எல்லாரும் பயன்படுத்தும் பொது நூலகம். அத்தகைய பொதுப்பணிக்கு நம் கல்விக்கூடங்களிலும் மாணவர்களிடத்திலும் உரிய மதிப்பு இல்லை என்பதே என் ஆதங்கம். பைத்தான் மொழியில் 2015-ஆம் ஆண்டு வந்த ஒரு மாற்றத்தை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

மரம் ஏறும் வேலை

நம் கணினியில் ஒரு கோப்புறைக்குள் பல கோப்புகள் இருக்கும். சில துணைக் கோப்புறைகளும் இருக்கும். அந்தத் துணைக் கோப்புறைகளுக்குள் மேலும் கோப்புகளும் கோப்புறைகளும் இருக்கும். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, கடைசியில் இலை என்று விரிவதால் இதனைக் கோப்புறை மரம் என்று சொல்கிறோம். வேரில் தொடங்கி ஒரு கிளையையும் விட்டுவிடாமல் முழு மரத்தையும் சுற்றி வருவதே மரவலம்.

இந்த வேலையை யார் செய்கிறார்கள்? நச்சுநிரல் தேடும் மென்பொருள் செய்கிறது. காப்புநகல் எடுக்கும் மென்பொருள் செய்கிறது. "இந்த வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது?" என்று நாம் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது. நம்மைப் போன்ற தமிழ்க் கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பல ஆண்டுகளின் பட்டிமன்ற ஒலிப்பதிவுகள், நாடகப் படங்கள், வருடிய பழைய மலர்ப் பக்கங்கள் எல்லாம் ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் பழைய குறியாக்கங்களில் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்ற நினைக்கும் எந்த நிரலும் முதலில் மரத்தை ஏறி இறங்கத்தான் வேண்டும்.

பைத்தான் மொழியில் இந்த வேலைக்கென்றே ஓ.எஸ்.வாக் என்னும் செயற்கூறு இருக்கிறது. 2003-இல் வெளிவந்த பைத்தான் 2.3 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. நாம் ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், அது ஒவ்வொரு கோப்புறையிலும் நின்று மூன்று விவரங்களைத் தரும்: இப்போது நிற்கும் கோப்புறையின் பாதை, அதிலுள்ள துணைக் கோப்புறைகளின் பெயர்கள், மற்றக் கோப்புகளின் பெயர்கள். பயன்படுத்த மிக எளிது. முதலாமாண்டு மாணவர்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால், உள்ளே என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் வேடிக்கை புரியும்.

செக்ரோலும் லயத்து நடையும்

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டவர்களுக்குப் பிரட்டு தெரிந்திருக்கும். விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அந்த ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பால்மரம் சீவுபவரா, வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவரா என்ற குறிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒருவரிடம், "பால்மரம் சீவுகிறவர்கள் யார் யார், வெளிக்காட்டுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று இரண்டு பட்டியல் எடுத்து வா" என்று சொல்கிறோம். அவர் கிராணியிடம் போகிறார். ஏட்டைத் திறக்கிறார். பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். எதிரே இருக்கும் வேலைக்குறிப்பை எழுதாமல் ஏட்டை மூடிவிடுகிறார். பிறகு லயத்திற்குப் போய், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "ஐயா, நீங்கள் என்ன வேலைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டு எழுதி வருகிறார். பட்டியல் சரியாகத்தான் இருக்கும். ஆனால், பொழுது போய்விடும்.

பழைய ஓ.எஸ்.வாக் செய்தது ஏறத்தாழ இதுதான். அது முதலில் லிஸ்ட்டிர் என்னும் மற்றொரு செயற்கூற்றை அழைக்கும். லிஸ்ட்டிர் கோப்புறையைத் திறந்து பெயர்களை மட்டும் கொண்டுவரும். பெயரைப் பார்த்து எது கோப்பு, எது கோப்புறை என்று சொல்ல முடியாதல்லவா? ஆகவே, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே இயங்குதளத்தை அழைத்து, "இது கோப்புறையா?" என்று கேட்கும். இந்தக் கேள்விக்குரிய அழைப்பின் பெயர் ஸ்டாட். ஆயிரம் பெயர் இருந்தால் ஆயிரம் ஸ்டாட்.

வேலைக்குறிப்பு ஏட்டிலேயே இருந்தது என்பதுதான் இதில் வருத்தத்திற்குரியது. விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புறையைப் படிக்கும்போது, ஒவ்வொரு பெயரோடும் அதன் வகை, அளவு, மாற்றப்பட்ட நேரம் ஆகிய விவரங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. லினக்ஸ், மேக், பி.எஸ்.டி. வழி இயங்குதளங்களில் அளவும் நேரமும் வருவதில்லை. ஆனால், கோப்பா கோப்புறையா என்ற வகைக்குறிப்பு பெயரோடு சேர்ந்தே வருகிறது. இயங்குதளம் கொடுத்தது, நூலகம் கீழே போட்டது, பிறகு அதே இயங்குதளத்திடம் போய்க் கேட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு மிகப் பொருந்தும்.

ஒரு கணக்கு

இந்த அலைச்சலால் எவ்வளவு நட்டம் என்று ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சேமிப்பகத்தில் 5,000 கோப்புறைகள், அவற்றுள் 100,000 கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். பழைய முறையில் 5,000 கோப்புறைகளைப் படிப்பதோடு, குறைந்தது 105,000 முறை ஸ்டாட் அழைப்பும் செல்ல வேண்டும். புதிய முறையில் 5,000 கோப்புறைகளைப் படித்தால் போதும்.

அந்தச் சேமிப்பகம் நம் கணினியிலேயே இருந்து, விவரங்களும் நினைவகத்தில் தயாராக இருந்தால், ஓர் அழைப்பு சில மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். 105,000 அழைப்புகளும் ஒரு விநாடிக்குள் அடங்கலாம். ஆனால், அதே சேமிப்பகம் வேறொரு கட்டடத்திலுள்ள வழங்கியில் இருந்து, ஒவ்வொரு கேள்வியும் வலையமைப்பு வழியாகப் போய்வர 1 மில்லி விநாடி ஆகிறதென்றால்? 105,000 மில்லி விநாடி என்பது 105 விநாடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், பயனற்ற கேள்விகளுக்கு மட்டும்! நிரல் எழுதியவரோ, "பைத்தான் மெதுவான மொழி" என்று முடிவு கட்டிவிடுவார்.

விண்டோஸில் நட்டம் இன்னும் கூடுதலாக இருந்தது. அங்கே ஒரு ஸ்டாட் என்பது ஒரே கேள்வியன்று. கோப்பைத் திறப்பது, விவரம் கேட்பது, மூடுவது என்று பல படிகள் அதில் அடக்கம். லயத்து வீட்டில் கதவைத் தட்டிக் கேட்பதோடு நில்லாமல், உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வருவதைப் போன்றது அது.

யுனிக்ஸ் உலகத்தில் இந்த அலைச்சலை முன்பே உணர்ந்திருந்தார்கள். கோப்பு தேடும் ஃபைண்ட் என்னும் கட்டளைக்கு ஒரு பழைய உத்தி உண்டு. மரபான யுனிக்ஸ் கோப்பமைப்பில், ஒரு கோப்புறையின் இணைப்பு எண்ணிக்கையிலிருந்து 2-ஐக் கழித்தால் அதிலுள்ள துணைக் கோப்புறைகளின் எண்ணிக்கை கிடைக்கும். அத்தனை துணைக் கோப்புறைகளும் கிடைத்துவிட்டால், மிச்சமெல்லாம் கோப்புகள்தாம் என்று முடிவு செய்து ஸ்டாட் அழைப்பை நிறுத்திவிடலாம். இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாத கோப்பமைப்புகளும் உண்டு என்பதால், உத்தியை நிறுத்திவைக்க ஒரு தனி விருப்பத்தேர்வும் அந்தக் கட்டளையில் இருக்கிறது. எளிதாகச் சொல்வதானால், வேகம் தேடியவர்கள் அன்றும் குறைத்தது கேள்விகளின் எண்ணிக்கையைத்தான்.

471-ஆம் முன்மொழிவு

பைத்தான் மொழியில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால், பெப் எனப்படும் முன்மொழிவு எழுத வேண்டும். 2014-ஆம் ஆண்டு மே மாதம் பென் ஹோய்ட் என்பவர் 471-ஆம் எண்ணுள்ள முன்மொழிவை எழுதினார். ஸ்கேன்டிர் என்ற புதிய செயற்கூறு வேண்டும், அது வெறும் பெயர்களுக்குப் பதிலாக, இயங்குதளம் தந்த குறிப்புகளையும் சேர்த்துப் பொதிந்த ஒரு பொருளை ஒவ்வொரு பெயருக்கும் தர வேண்டும், ஓ.எஸ்.வாக் அதனையே உள்ளே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே அவர் இதைத் தனித் தொகுப்பாக எழுதி, மற்றவர்கள் பயன்படுத்திப் பார்க்கும்படி வெளியிட்டிருந்தார். முன்மொழிவு அதே ஆண்டில் ஏற்கப்பட்டது. விக்டர் ஸ்டின்னர் என்பவரும் துணைநிற்க, 2015 செப்டம்பரில் வெளிவந்த பைத்தான் 3.5 பதிப்பில் அது இடம்பெற்றது.

பலன் என்ன? அந்தப் பதிப்போடு வந்த அறிவிப்பின்படி, ஓ.எஸ்.வாக் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் 3 முதல் 5 மடங்கும், விண்டோஸில் 7 முதல் 20 மடங்கும் வேகமானது. புதிய கணினி வாங்கவில்லை. மொழியை மாற்றவில்லை. 2003-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் எழுதப்பட்டு வந்த நிரல்களில், 3.5 பதிப்பில் ஓடக்கூடிய ஒவ்வொன்றும், தன் வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் இந்த வேகத்தைப் பெற்றது. ஒரு வீட்டில் விளக்கேற்றுவதற்கும் தெருவிளக்கைச் சரிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த முன்மொழிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேகத்தைப் பற்றியதன்று. "இது கோப்புறையா?" என்பதை ஒரு சாதாரணப் பண்பாகத் தருவதா, அல்லது அழைத்துக் கேட்க வேண்டிய செயற்கூறாகத் தருவதா என்றொரு விவாதம் நடந்தது. பண்பாகத் தந்தால் எழுத அழகாக இருக்கும். ஆனால், எல்லா நேரமும் விடை கையில் இருக்காது. சில கோப்பமைப்புகள் "வகை தெரியாது" என்று சொல்லிவிடும். குறியீட்டு இணைப்பு என்றால், அது காட்டும் இடத்திற்குப் போய்ப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அப்போது ஸ்டாட் அழைத்தே ஆக வேண்டும். அந்த அழைப்பு பிழையிலும் முடியலாம். ஆகவே, செலவு நேரக்கூடிய இடம் செலவில்லாததுபோல் தோற்றமளிக்கக் கூடாது என்ற எண்ணத்தில் செயற்கூறாகவே வைத்தார்கள். நிரல் எழுதுபவரிடம் விலையை மறைக்காமல் சொல்லும் இந்த நேர்மை, எந்தப் பாடநூலிலும் நான் படித்ததைவிடத் தெளிவான பாடம்.

வாக்குறுதியின் எடை

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஓ.எஸ்.வாக்கை உள்ளேயே மாற்றிவிட்டார்கள். ஆனால், லிஸ்ட்டிரை மாற்றாமல் ஸ்கேன்டிர் என்று புதிதாக ஏன் சேர்த்தார்கள்? காரணம் வாக்குறுதி. லிஸ்ட்டிர் "பெயர்களின் பட்டியல் தருவேன்" என்று வாக்களித்திருந்தது. அதில் வேறு பொருளைத் திணித்தால் பழைய நிரல்கள் உடைந்துபோகும். ஓ.எஸ்.வாக் வாக்களித்ததோ பாதையும் இரண்டு பெயர்ப் பட்டியல்களும் மட்டுமே. அவற்றை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்று அது யாருக்கும் சொல்லவில்லை. கோப்பின் அளவையோ நேரத்தையோ தருவதாகவும் சொல்லவில்லை. ஆகவே, உள்ளே இருந்த முறையை முற்றாக மாற்றியும் வெளியே யாருக்கும் தெரியவில்லை.

இதனை இன்னொரு மொழியின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். கோ மொழியின் நூலகத்திலும் வாக் என்ற பெயரிலேயே ஒரு மரவலச் செயற்கூறு உண்டு. அது ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவு, நேரம் முதலான முழு விவரத்தையும் நம் கையில் தருவதாக வாக்களித்திருக்கிறது. வசதிதான். ஆனால், நமக்கு அந்த விவரம் வேண்டுமோ வேண்டாமோ, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அழைப்பு போயே தீர வேண்டும். பழைய நிரல்கள் உடையாமல் காப்பது கோ மொழியின் கொள்கை என்பதால், அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெறவும் முடியவில்லை. ஆகவே, 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பில் வாக்டிர் என்று வேறொரு செயற்கூற்றைச் சேர்த்தார்கள். அதில் பெயரும் வகையும் வரும். முழு விவரம் வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். வேண்டாத கோப்புறையைத் திறக்காமலே தாண்டிப் போகவும் அதில் வழி உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால், பழைய நிரல் எழுதியவர் தம் நிரலைத் திறந்து மாற்றினால் மட்டுமே பலன் கிடைக்கும்.

இரு மொழிகளும் அடைந்த இடம் ஒன்றே. ஒன்றில் பயனர்கள் எல்லாரும் தாமாகவே பலன் பெற்றார்கள். மற்றொன்றில் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து பெற வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது வேக உத்தி அன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செயற்கூறு எவ்வளவு வாக்களித்தது என்பதுதான். தேவைக்குமேல் வாக்களிக்காத நூலகத்தைப் பிற்காலத்தில் திருத்த முடியும். அதிகம் வாக்களித்த நூலகம் தன் வார்த்தைக்கே கட்டுப்பட்டு நிற்கும். நிரல் எழுதும் நம் மாணவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

மறுப்புகளுக்கு என் பதில்

"இப்போதெல்லாம் திடநிலை வட்டுகள் வந்துவிட்டன, வேகத்திற்குக் குறைவில்லை. இந்தச் சில்லறைக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வட்டு வேகமானால் ஒவ்வொரு கேள்விக்கும் ஆகும் நேரம் குறையும்; தேவையற்ற கேள்வி தேவையற்றதாகவே இருக்கும். மேலும், வலையமைப்பு வழியாகப் போய்வரும் நேரத்தை நம் மடிக்கணினியின் வட்டு குறைத்துவிடாது.

"சி மொழியில் எழுதினால் போயிற்று" என்பார் இன்னும் சிலர். சி மொழியில் எழுதிய நிரலும் ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டாட் அழைத்தால், அதே 105,000 கேள்விகள்தாம் போகும். வண்டியை மாற்றினாலும் லயத்தில் கதவுகளின் எண்ணிக்கை குறையாது.

மூன்றாவது மறுப்பு நியாயமானது; அதை நான் மறைக்க விரும்பவில்லை. இந்த இலாபம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. லினக்ஸில் கோப்புகளின் அளவைக் கூட்ட வேண்டுமென்றால், அளவு கோப்புறையோடு வருவதில்லை. ஸ்டாட் அழைக்கத்தான் வேண்டும். கோப்பைத் திறந்து முழுக்கப் படிக்கும் வேலையென்றால், மரவலத்துக்கு ஆகும் நேரம் மொத்தத்தில் சிறு பங்குதான். இதற்கும் பைத்தானிலேயே சான்று உண்டு. 2019-இல் வந்த 3.8 பதிப்பில், ஒரு முழு மரத்தை நகலெடுக்கும் செயற்கூறும் ஸ்கேன்டிருக்கு மாறியது. ஸ்டாட் அழைப்புகள் 38 விழுக்காடு குறைந்தன. ஆனால், 8,000 கோப்புகளை நகலெடுப்பதில் கிடைத்த வேகம் லினக்ஸில் ஏறத்தாழ 9 விழுக்காடு, விண்டோஸில் 20 விழுக்காடு, விண்டோஸ் வலைப் பகிர்வில் 30 விழுக்காடு என்றே அறிவித்தார்கள். 20 மடங்கு எங்கே, 20 விழுக்காடு எங்கே! அளந்து பார்க்காமல் "பல மடங்கு வேகம்" என்று பறைசாற்றுவது தவறு என்பதற்கு இதுவே போதும். இருந்தும், வலைப் பகிர்வில்தான் இலாபம் கூடுதல் என்பதையும் கவனியுங்கள். முன்பு போட்ட கணக்கு சொன்னதும் அதுதானே.

கைவசம் வைத்திருக்கும் தகவல் பழையதாகிவிடும் ஆபத்தும் உண்டு. கிராணியின் ஏட்டைப் பார்த்துவிட்டு மதியம் வரை காத்திருந்தால், இடையில் ஒருவர் வேலை மாறியிருக்கலாம். அதனால்தான், ஸ்கேன்டிர் தரும் பொருளை உடனே பயன்படுத்திவிட்டு விட்டுவிடுங்கள்; நெடுநேரம் வைத்திருந்தால் புதிதாக ஸ்டாட் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பைத்தானின் கையேடே அறிவுறுத்துகிறது. இந்த எச்சரிக்கையும் சேர்ந்ததே நல்ல வடிவமைப்பு.

நமக்கு இதில் என்ன?

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன். எங்கும் நான் கண்ட ஒரு மனப்பான்மை பல்கலைக்கழகத்திலும் தொடர்கிறது. புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால் கைத்தட்டல். இருப்பதைச் செப்பனிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் என்றால், ஒரு புதிய செயலி, பளபளக்கும் திரை, அழகான சுவரொட்டி. மதிப்பீட்டு நாள் முடிந்ததும் அந்தச் செயலிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரே மறுபடி திறப்பதில்லை. "பொது நூலகத்தில் ஒரு செயற்கூறு வீணாக அலைகிறது, அதை அளந்து, காரணம் கண்டு, திருத்தி, ஏற்றுக்கொள்ளும்படி வாதிட்டேன்" என்று ஒரு மாணவர் சொன்னால், "இதில் புதுமை எங்கே?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

471-ஆம் முன்மொழிவை எண்ணிப் பாருங்கள். அதன் அடிப்படைக் கருத்தை நான் மேலே செக்ரோலை வைத்துச் சொன்னேன். பள்ளி மாணவருக்கும் விளங்கும். கடினம் கருத்தில் இல்லை. பல இயங்குதளங்களில் அளந்து பார்ப்பதிலும், பழைய நிரல் உடையாமல் காப்பதிலும், மாற்றுக் கருத்துகளை ஒவ்வொன்றாக எழுதி, அவற்றை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்வதிலும் இருந்தது. பொறுமையும், எழுத்துத் திறனும், வாதத் திறனும் வேண்டிய வேலை அது. பட்டிமன்ற மேடையில் வளர்ந்த நமக்கு இவை அந்நியமா?

"எல்லாவற்றையும் வெளிநாட்டினர் செய்து முடித்துவிட்டார்கள், நமக்கு மிச்சம் என்ன இருக்கிறது?" என்று சோர்ந்துபோக வேண்டாம். ஸ்கேன்டிர் வந்த பிறகும் வேலை முடியவில்லை. 2016-இல் வந்த 3.6 பதிப்பில், திறந்த கோப்புறையை முறையாக மூடும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. பெயர்க்கோலத்தை வைத்துக் கோப்பு தேடும் குளோப் செயற்கூறு அதே பதிப்பில் 3 முதல் 6 மடங்கு வேகமானது. 2023-இல் வந்த 3.12 பதிப்பில்தான் பாத்லிப் என்னும் பகுதிக்கென்று தனி மரவலச் செயற்கூறு கிடைத்தது. ஒரு சிறு செயற்கூற்றைச் சுற்றியே இவ்வளவு பணி என்றால், முழு நூலகத்தில் எவ்வளவு இருக்கும்!

ஆகவே, நம் கழகத்தின் கணினித்துறை நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நிரல் மெதுவாக ஓடினால் மொழியைக் குறைகூறுவதற்கு முன் கேள்விகளை எண்ணுங்கள். லினக்ஸில் எஸ்டிரேஸ் என்ற கருவி, எந்த அழைப்பு எத்தனை முறை போனது என்று அட்டவணை போட்டுக் காட்டும். பத்து நிமிட வேலை. இரண்டாவது, நூலகத்தின் மூலநிரலைத் திறந்து படியுங்கள். பைத்தானின் நூலகத்தில் பெரும்பகுதி பைத்தானிலேயே எழுதப்பட்டது, ஓ.எஸ்.வாக்கும் அப்படித்தான். கதை படிப்பதுபோல் வரிவரியாகப் படித்துவிடலாம். மூன்றாவது, நீங்களே ஒரு செயற்கூறு எழுதும்போது, அது எதைத் தருவதாக வாக்களிக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு உங்களுக்குப் பின்வரும் இளையவர்கள் அதைத் தாராளமாகத் திருத்த முடியும்.

ஆய்வுத்திட்டங்களை வழிநடத்தும் விரிவுரைஞர்களிடமும் பணிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்து புதிய செயலிகளுக்கு நடுவே, பொதுக் கருவி ஒன்றைச் செப்பனிடும் ஒரு திட்டத்திற்கும் இடம் கொடுங்கள். "எத்தனை திரைகள்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எதை அளந்தாய், யாருக்கு மிச்சம் பிடித்தாய்?" என்று கேளுங்கள்.

பழைய மலர்களைத் தொகுக்கும் பணியில் நம் கழகம் இறங்கும்போது, அந்த மரத்தை ஏறி இறங்க ஒரு நிரல் தேவைப்படும். அதை எழுதப்போகும் தம்பி, தங்கைகளே, முதல் நாளே இயங்குதளம் உங்கள் கையில் என்னென்ன தருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதத் தொடங்கலாம்.